பயத்தின் விலை: ஆப்ஷன் தரவுகளும் பழவேற்காடும்

1688-ல் ஆம்ஸ்டர்டாமில் ஹோசே டி லா வேகா என்பவர் பங்குச் சந்தையைப் பற்றி ஸ்பானிய மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். பங்கு வணிகத்தைப் பற்றிய உலகின் முதல் நூல் என்று அதைப் பொதுவாகச் சொல்வார்கள். அதில் பேசப்படுவது பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் பங்குதான்: டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அந்தப் பங்கின் மீது அன்றே ஆப்ஷன் வணிகம் நடந்தது. குறிப்பிட்ட நாளுக்குள் குறிப்பிட்ட விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை பெற்றுக்கொண்டு, அதற்கு முன்கூட்டியே பிரீமியம் கட்டினார்கள். கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் அந்த ஆண்டில் பழவேற்காடு. 1613-ல் எழுந்த ஜெல்டிரியா கோட்டையின் நிழலில் துணி மூட்டைகள் கப்பலேறின. அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். 1690-ல்தான் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது.

பங்கு விலையை அசைப்பவை மூன்று என்கிறார் டி லா வேகா. கீழை நாடுகளின் நிலவரம், ஐரோப்பிய அரசியல், சந்தைக்குள்ளேயே உருவாகும் அபிப்பிராயம். முதலாவதில் பழவேற்காடு அடங்கும். மூன்றாவதைத்தான் இன்று சந்தையின் மனநிலை, சென்டிமென்ட் என்கிறோம். முன்னூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பிரச்சினை அப்படியே இருக்கிறது. விலையைப் பார்த்தால் மூன்றும் கலந்துதான் தெரியும். அதில் மூன்றாவதை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டும் கருவி என்ற பெயரோடு வந்தவை ஆப்ஷன் தரவுகள்: புட்-கால் விகிதம், இந்தியா விக்ஸ், மேக்ஸ் பெயின், ஓப்பன் இன்ட்ரஸ்ட் பட்டியல். தமிழில் சந்தை பேசும் ஏதேனும் ஒரு காணொளியைத் திறந்தால், முதல் பத்து நிமிடத்துக்குள் இவற்றில் இரண்டேனும் வந்துவிடும்.

இந்தப் பெயர் எவ்வளவு தகும் என்பதை எடைபோட எனக்கு ஓர் இடமும் ஒரு பங்கும் தேவைப்பட்டன. பழவேற்காட்டுக்குத் தெற்கே, அதே கரையில், காட்டுப்பள்ளித் துறைமுகம் இருக்கிறது. எல் அண்ட் டி கட்டியது. 2018-ல் அதானி போர்ட்ஸ் கைக்கு வந்தது. அதானி போர்ட்ஸ் பங்கின் மீது தேசியப் பங்குச் சந்தையில் நாள்தோறும் ஆப்ஷன் வணிகம் நடக்கிறது. பழவேற்காட்டு மீனவ ஊர்கள் எதிர்த்துவரும் துறைமுக விரிவாக்கத் திட்டம் அந்த நிறுவனத்தினுடையது. ஆக, பழவேற்காட்டு ஏரிக்கரையின் நிலவரம் ஒரு பக்கம், அதைப் பார்த்திராதவர்கள் வைக்கும் விலை மறுபக்கம் என்ற பழைய அமைப்பு மறுபடியும் அதே இடத்தில் நிற்கிறது.

அதிகம் புழங்கும் கருவியான புட்-கால் விகிதத்திலிருந்து தொடங்குகிறேன். கால் என்பது வாங்கும் உரிமை. விலை ஏறினால் அதை வாங்கியவருக்கு லாபம். புட் என்பது விற்கும் உரிமை; விலை இறங்கினால் லாபம். நிலுவையில் உள்ள புட்களின் எண்ணிக்கையைக் கால்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது புட்-கால் விகிதம். சிகாகோவில் 1973-ல் ஆப்ஷன் சந்தை தொடங்கிய பிறகு மார்ட்டின் ஸ்வைக் போன்றோர் அதைப் பிரபலமாக்கினார்கள். அவர்கள் வாசிப்பு இது: புட் அதிகம் என்றால் பொதுமக்கள் பயந்துபோய்க் காப்பீடு வாங்குகிறார்கள், கூட்டத்தின் பயம் உச்சத்துக்குப் போனால் சந்தை திரும்பும், எனவே வாங்கலாம். நம் ஊரில் அதே எண்ணை வாசிக்கும் விதம் வேறு. புட்டை விற்பவர்கள் பெரிய கைகள், அவர்கள் துணிந்து விற்கிறார்கள் என்றால் சந்தை விழாது என்று நம்புகிறார்கள், எனவே வாங்கலாம். இரண்டும் ஒரே முடிவுக்கு வந்து சேர்வதால் முரண்பாடு கண்ணில் படுவதில்லை. ஆனால் சிகாகோவில் பயத்தின் அடையாளமான எண், மும்பையில் நம்பிக்கையின் அடையாளமாகிறது. மனநிலையை அளக்கும் கருவி என்றால், ஒரே அளவு எதிரெதிரான இரண்டு மனநிலைகளைக் குறிக்கக் கூடாது. இதோடும் நிற்கவில்லை. விகிதம் மிக உயர்ந்துவிட்டால் ‘ஓவர்பாட்’, அளவுக்கு மீறி வாங்கியாயிற்று, இனி இறங்கும் என்று மூன்றாவது விதியும் சேர்ந்துகொள்கிறது. எந்த முடிவு வந்தாலும் சரியாகிவிடும்படி விதிகளை வைத்திருப்பதைச் சோதிக்கவே வழியில்லை.

கோளாறு கணக்கின் அடியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் வாங்கியவர் ஒருவர், விற்றவர் ஒருவர். எண்ணிக்கை இருவருக்கும் பொது. பழவேற்காட்டில் இறால் கூடைகள் ஏலம் போகும்போது எத்தனை கூடை விற்றது என்று மட்டும் ஒருவருக்குத் தெரிந்தால் என்ன புரியும்? முன்பணம் வாங்கிய கடனுக்காகக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்களா, ஏற்றுமதிக்கு ஆள் வந்து போட்டி போட்டு எடுத்தார்களா என்பது விலையில்தான் தெரியும். புட்-கால் விகிதம் கூடைகளை எண்ணுகிறது, விலையைக் கேட்பதில்லை.

கூடைகளை எண்ணும் முறையும் சரியில்லை. நிஃப்டி குறியீடு 25,000-ல் இருக்கும்போது 25,000 ஸ்ட்ரைக் (உரிமைக்குக் குறித்த விலை) புட் சில நூறு ரூபாய் பெறலாம். அதே வாரத்தில் முடியும் 24,000 புட் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கலாம். நிஃப்டி நூறு புள்ளி இறங்கினால் முதலாவது கணிசமாக அசையும். இரண்டாவது கிட்டத்தட்ட அசையாது. விகிதத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபியே 2025 மே மாதச் சுற்றறிக்கையில் நிலுவை ஒப்பந்தங்களின் அளவான ஓப்பன் இன்ட்ரஸ்டை டெல்டா அடிப்படையில், அதாவது அடிப்படைப் பங்கோ குறியீடோ அசையும்போது ஒப்பந்தம் எவ்வளவு அசையும் என்பதை வைத்து, கணக்கிடும் முறைக்கு மாற்றியது. வெறும் எண்ணிக்கை ஏமாற்றும் என்று கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புக்கொண்ட பிறகும், காலை ஒன்பது மணிக்கு அதே எண்ணிக்கையை வைத்து நாட்டின் மனநிலையைச் சொல்லும் பழக்கம் தொடர்கிறது. இன்னொன்றும் உண்டு. சந்தை ஏறும்போது புட் விற்பவர்கள் மேலே மேலே புதிய ஸ்ட்ரைக்குகளில் விற்றுக்கொண்டு போகிறார்கள். கால் வைத்திருந்தவர்கள் லாபம் பார்த்து வெளியேறுகிறார்கள். விகிதம் தானாக உயர்கிறது. ஏற்கெனவே நடந்த ஏற்றத்தின் தடத்தை நாளைய ஏற்றத்தின் அறிகுறியாக வாசிக்கிறோம்.

மேக்ஸ் பெயினை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. ஆப்ஷன் வாங்கியவர்கள் மொத்தமாக அதிகம் இழக்கும் விலையை நோக்கி, ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி நாளில் பங்கு இழுக்கப்படும் என்பது கூற்று. நி, பியர்சன், போட்டெஷ்மன் ஆகியோர் 2005-ல் அமெரிக்கப் பங்குகளில் ஆராய்ந்தபோது எக்ஸ்பைரி அன்று விலைகள் ஸ்ட்ரைக்குகளின் அருகே குவிவது உண்மை என்று கண்டார்கள். ஆனால் அந்த இழுப்பின் அளவு ஒரு சதவீதத்திலும் சிறு பகுதி. காரணங்களில் ஒன்று, தம் ஆபத்தை ஈடுகட்ட ஹெட்ஜ் செய்பவர்களின் இயந்திரத்தனமான கொடுக்கல் வாங்கல். யாருடைய மனநிலையும் அதில் இல்லை.

விலையை அளக்கும் கருவிக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. 2008-ல் தேசியப் பங்குச் சந்தை அறிமுகப்படுத்திய இந்தியா விக்ஸ், நிஃப்டி ஆப்ஷன்களின் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அடுத்த முப்பது நாளில் குறியீடு எவ்வளவு அசையும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்பதை ஆண்டு சதவீதமாகச் சொல்கிறது. இதில் கூடைகளின் எண்ணிக்கை இல்லை. கொடுத்த காசு இருக்கிறது. 2020 மார்ச்சில், நாடு முடங்கப்போகும் நேரத்தில், அது 80-ஐத் தாண்டியது. அந்தப் பயம் உண்மையானது, அளவும் உண்மையானது.

இந்தக் கருவியை எடைபோட 2024 தேர்தல் முடிவைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. ஏப்ரல் 23 அன்று இந்தியா விக்ஸ் ஒரே நாளில் ஏறக்குறைய 20% சரிந்து 10-க்கு அருகே வந்தது. பிறகு ஏறத் தொடங்கி மே இறுதியில் 24 அளவுக்குப் போனது. ஜூன் 1 மாலை வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகள் வந்தன. திங்கள்கிழமை, ஜூன் 3 அன்று, நிஃப்டி 3%-க்கு மேல் ஏறி 23,264-ல் முடிந்தது. அதானி போர்ட்ஸ் சுமார் 10% ஏறியது. விக்ஸ் 21-க்கு இறங்கியது. முடிவுகள் வந்த ஜூன் 4 அன்று நிஃப்டி 5.9% விழுந்து 21,885-க்கு அருகே முடிந்தது. நான்கு ஆண்டுகளில் மிகப் பெரிய ஒருநாள் சரிவு. அதானி போர்ட்ஸ் ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தது.

விக்ஸ் தோற்றது என்றுதான் பலர் எழுதினார்கள். நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். ஆண்டுக்கு 21% என்பதை ஒரு மாதத்துக்குச் சுருக்கினால் ஏறத்தாழ 6% வரும். மேலேயோ கீழேயோ, வழக்கமான ஒரு மாதத்துக்கு அந்த அளவு அசைவு. வந்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒரு மாதத்தில் பரவி வராமல் ஒரே நாளில் வந்தது. அளவைப் பொறுத்தவரை கருவி பொய் சொல்லவில்லை. திசையைப் பற்றி அது பேசவே இல்லை. பேசியதாக நாம் எடுத்துக்கொண்டோம். ஜூன் 3 அன்று விக்ஸ் இறங்கியதைச் சந்தை நிம்மதியடைந்தது என்று வாசித்தவர் மறுநாள் அடிவாங்கினார். ஜூன் 4 அன்று விக்ஸ் ஏறியதைப் பார்த்துப் பயம் பிடித்துவிட்டது என்று விற்று வெளியேறியவரும் தோற்றார், ஏனென்றால் ஜூன் 7 அன்றே நிஃப்டி 23,290-ல் முடிந்து, விழுவதற்கு முந்தைய நிலையைக் கடந்துவிட்டது. ஒரே வாரத்தில் இரு திசையிலும் தவறாக வாசிக்கப்பட்ட கருவி, அதே வாரத்தில் அசைவின் அளவைச் சரியாகச் சொன்னது. இந்த வேறுபாட்டை விட்டுக்கொடுத்தால் மீதி வாதம் எல்லாம் குழம்பிவிடும்.

அளவு விஷயத்திலும் விக்ஸை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆப்ஷன் விற்பவர் காப்பீட்டுக் கம்பெனியைப் போலத் தன் ஆபத்துக்குக் கூடுதல் கட்டணம் சேர்த்தே விற்கிறார். அதனால் ஆப்ஷன் விலை சொல்லும் அசைவு, பின்னால் நடக்கும் அசைவைவிடச் சராசரியாக அதிகமாகவே இருக்கும். பல நாட்டுச் சந்தைகளில் இது பலமுறை காட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கூடுதல்தான் உண்மையில் மனநிலை என்று சொல்லத்தக்க பகுதி. விக்ஸ் 20 என்றால் அதில் எவ்வளவு நியாயமான எதிர்பார்ப்பு, எவ்வளவு பயத்தின் கட்டணம் என்று பிரித்த பிறகே மனநிலையைப் பேச முடியும். வெறும் எண் அதைப் பிரித்துக் கொடுப்பதில்லை. கருவியிலேயே பழுது வரும் நாள்களும் உண்டு. 2024 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்க விக்ஸ், சந்தை திறக்கும் முன்பே 65-ஐத் தொட்டது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி திடீரென அகன்றதே அந்தத் தாவலின் பெரும்பகுதிக்குக் காரணம் என்று சர்வதேசத் தீர்வுகள் வங்கி பின்னர் விளக்கியது. மனிதர்கள் பயந்ததைவிட விலைத்திரை அதிகம் பயந்துவிட்டது.

ஒரு நியாயமான மறுப்பு இங்கே வரும். குறியீட்டு ஆப்ஷன்களை விடுங்கள். தனிப் பங்கின் ஆப்ஷன்களில்தான் விஷயம் தெரிந்தவர்கள் வருவார்கள். சிறு முதலில் பெரிய லாபம் பார்க்க அதுவே வழி. எனவே அங்கே கவனித்தால் முன்கூட்டியே தெரியும் என்பார்கள். ஆய்வுலகம் இதைப் பாதி ஆதரிக்கிறது. ஜுன் பான், ஆலன் போட்டெஷ்மன் 2006-ல் வெளியிட்ட கட்டுரையில், புட்-கால் விகிதம் குறைந்த பங்குகள் அதிகமான பங்குகளை அடுத்த வாரத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் விஞ்சின என்று காட்டினார்கள். விகிதத்தை நம்புகிறவர்கள் அடிக்கடி சுட்டும் ஆய்வு இது. ஆனால் அவர்கள் பயன்படுத்திய விகிதம் நம் திரையில் வருவது அல்ல. புதிதாக நிலை எடுக்க வாங்கியவர்களின் ஒப்பந்தங்களை மட்டும் பிரித்துக் கணக்கிட்டது. யார் வாங்கினார், யார் விற்றார், புதிய நிலையா பழையதை முடித்ததா என்ற விவரங்கள் அவர்களிடம் இருந்தன. அன்றைய பொது வாசகரிடம் இல்லை. எல்லோருக்கும் தெரிகிற அளவுகளில் அந்த முன்னறிவிப்புத் திறன் பெரிதும் மங்கிவிடுகிறது என்பதும், குறியீட்டு ஆப்ஷன்களில் அப்படியொரு தகவல் கிடைக்கவில்லை என்பதும் அதே கட்டுரையின் முடிவுகள். ஆதரவாக எடுத்துக் காட்டப்படும் ஆய்வு, முழுதாக வாசித்தால் எதிர்ச்சாட்சியாகிறது.

அதானி போர்ட்ஸிலேயே இந்த மறுப்பைச் சோதிக்கலாம். 2023 ஜனவரி 24 அன்று அதானி குழுமத்தின் மீது குற்றம் சாட்டும் ஹிண்டன்பர்க் நிறுவனத்தின் அறிக்கை வந்தது. குழுமம் அதை மறுத்தது. அதிலுள்ள சில முக்கியக் குற்றச்சாட்டுகள் நிறுவப்படவில்லை என்று செபி 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. சந்தை அத்தனை நாள் காத்திருக்கவில்லை. அறிக்கைக்கு முன் 760 ரூபாயை ஒட்டியிருந்த அதானி போர்ட்ஸ், பிப்ரவரி 3 அன்று ஒரு கட்டத்தில் 400-க்கும் கீழே போய்த் திரும்பியது. அறிக்கை வரப்போவது முன்பே தெரிந்தவர்கள் எங்கே நிலை எடுத்தார்கள்? செபி 2024-ல் அனுப்பிய விளக்கம் கேட்கும் நோட்டீஸின்படி, அறிக்கையோடு தொடர்புடைய ஒரு நிதி, ஜனவரி 10-க்கும் 20-க்கும் இடையில் அதானி என்டர்பிரைசஸ் ஃபியூச்சரில், அதாவது முன்பேர ஒப்பந்தத்தில், விற்பனை நிலை எடுத்து, பின்னர் 183 கோடி ரூபாய் லாபம் பார்த்தது. தவறு செய்ததாக ஹிண்டன்பர்க் ஏற்கவில்லை. நமக்கு வேண்டியது வழக்கின் முடிவு அல்ல. பணம் போன பாதை. நோட்டீஸ் சொல்வது ஃபியூச்சரைப் பற்றி. அந்த இரண்டு வாரங்களில் அதானி போர்ட்ஸின் புட்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு கதவைக் காவல் காத்தவர்.

இந்தியச் சந்தையின் தனிச் சிக்கல் இதையெல்லாம்விடப் பெரியது. இங்கே ஆப்ஷன் வணிகத்தில் யார் இருக்கிறார்கள்? 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷனில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93% பேர் இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபி 2024 செப்டம்பரில் வெளியிட்டது. அடுத்த நிதியாண்டில் மட்டும் இழப்பு சுமார் 1.05 லட்சம் கோடி. முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் 2023 நிதியாண்டின் 31%-லிருந்து அடுத்த ஒரே ஆண்டில் 43% ஆனார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மேல் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்று அறிவித்தவர்கள். பத்தில் ஏழு பேருக்கு மேல் முதல் முப்பது பெருநகரங்களுக்கு வெளியே வசிக்கிறார்கள். பழவேற்காடு உள்ள பொன்னேரி வட்டத்து ஊர்களும் அந்த முப்பதுக்கு வெளியேதான். எதிர்முனையில் லாபம் பார்த்தவர்களில் வெளிநாட்டு நிதிகளும் நிறுவனங்களின் சொந்தக் கணக்கு வணிகர்களும் முன்னணியில். அவர்கள் லாபத்தில் 96, 97% கணினி நிரல்வழி வணிகத்தில் வந்தது. எக்ஸ்பைரி நாளன்று பத்து ரூபாய் கால், இருபது ரூபாய் புட் வாங்குகிற இளைஞர் பொருளாதாரத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவில்லை. அன்றைய நாளுக்கு ஒரு சீட்டு எடுக்கிறார். அந்தச் சீட்டுகளைக் கூட்டி வகுத்து ‘சந்தை என்ன நினைக்கிறது’ என்று தலைப்பிடுவது தரவுக்கும் அநீதி, அவருக்கும் அநீதி.

சீட்டை எதிரிலிருந்து விற்பவரின் கணக்கும் மனநிலையைச் சொல்வதில்லை. 2025 ஜூலை 3-ன் இடைக்கால உத்தரவில் ஜேன் ஸ்ட்ரீட் என்ற வெளிநாட்டு வணிகக் குழுமத்தின் மீது செபி சாட்டிய குற்றம் இதற்குச் சான்று. 2024 ஜனவரி 17 காலையில் பேங்க் நிஃப்டிப் பங்குகளையும் ஃபியூச்சர்களையும் சுமார் 4,370 கோடிக்கு வாங்கிக் குறியீட்டைத் தாங்கிப்பிடித்து, அதே நேரம் ஆப்ஷனில் அதைப் போலப் பல மடங்கு எதிர்நிலை எடுத்து, பிற்பகலில் வாங்கியதை விற்றுத் தள்ளியதாக உத்தரவு சொல்கிறது. பங்கில் சுமார் 61 கோடி நஷ்டம், ஆப்ஷனில் 735 கோடி லாபம். அன்று பேங்க் நிஃப்டி ஆப்ஷன் வணிகம் அடிப்படைப் பங்குகளின் வணிகத்தைப் போல 350 மடங்குக்கு மேல். 4,843 கோடி ரூபாயைச் செபி முடக்கியது. நிறுவனம் குற்றத்தை மறுத்து மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது. வழக்கு எப்படி முடிந்தாலும் அந்த 350 மடங்கு என்ற விகிதம் மாறாது. பங்குச் சந்தையைவிட அதன் மீதான பந்தயம் அவ்வளவு பெரிதாகும்போது, பங்கின் மனநிலையை ஆப்ஷன் பிரதிபலிக்கும் என்ற அனுமானமே தலைகீழாகிறது. ஆப்ஷன் லாபத்துக்காகப் பங்கை அசைப்பது கட்டுப்படியாகும் தொழிலாகிவிடுகிறது. 2024 அக்டோபர் முதல் செபி எடுத்த நடவடிக்கைகள் (ஒரு சந்தைக்கு ஒரே வாராந்திர எக்ஸ்பைரி, ஒப்பந்த மதிப்பு குறைந்தது 15 லட்சம்) நோயைத் தணித்திருக்கலாம். பழைய தரவுகளைக் கொண்டு கட்டிய விதிகளுக்கு அவை உயிர் கொடுக்கவில்லை. உண்மையில், சந்தையின் அமைப்பே மாறியதால் 2024-க்கு முந்தைய விகிதங்களோடு இன்றையதை ஒப்பிடுவதே பிழை.

அப்படியானால் எதை ஏற்கலாம்? நான் இரண்டை ஏற்கிறேன். ஒன்று, விலைச்சாய்வு. தற்போதைய விலைக்கு ஐந்து சதவீதம் கீழே உள்ள புட்டும், ஐந்து சதவீதம் மேலே உள்ள காலும் உள்ளடக்கியிருக்கும் அசைவு மதிப்பை ஒப்பிட்டால், வீழ்ச்சிக்கு எதிரான பாதுகாப்பு எவ்வளவு மிகையான விலைக்குப் போகிறது என்று தெரியும். 1987 அக்டோபர் வீழ்ச்சிக்குப் பிறகு அமெரிக்கக் குறியீடுகளில் நிலைத்துவிட்ட சாய்வு இது. தனிப் பங்குகளில் சாய்வு மிகக் கூர்மையானவை பின்னர் மற்றவற்றைவிடப் பின்தங்கின என்று ஷிங், ஷாங், ஷாவ் மூவரும் 2010-ல் காட்டினார்கள். இரண்டு, கால அமைப்பு. வழக்கமாகத் தூரத்து மாத ஆப்ஷனில்தான் அசைவு மதிப்பு கூடுதலாக இருக்கும். அருகிலுள்ள மாதம் அதை மிஞ்சினால், குறிப்பிட்ட நிகழ்வு ஒன்றுக்குச் சந்தை பயப்படுகிறது. இரண்டுமே விலையிலிருந்து வருபவை. இரண்டுமே பயத்தின் அளவைச் சொல்பவை. அந்தப் பயம் நியாயமானதா என்பதற்குச் சந்தைக்கு வெளியே போய்த்தான் விடை தேட வேண்டும். புட்-கால் விகிதத்தையும் மேக்ஸ் பெயினையும் மனநிலைக் கருவிகள் என்ற பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். இழப்பு ஒன்றும் இல்லை. தேசியப் பங்குச் சந்தை நாள்தோறும் வாடிக்கையாளர், உள்நாட்டு நிறுவனம், வெளிநாட்டு நிதி, சொந்தக் கணக்கு என்று பிரித்து ஓப்பன் இன்ட்ரஸ்டை மொத்தமாக வெளியிடுகிறது. பங்குவாரியாக, புதிய நிலையா முடிப்பா என்ற பிரிவோடு அதை எல்லோருக்கும் இலவசமாகத் தந்தால், பானும் போட்டெஷ்மனும் பார்த்ததைச் சிறு முதலீட்டாளரும் பார்க்க முடியும். ஒரு லட்சம் கோடி இழந்தவர்களுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.

இனி காட்டுப்பள்ளி. திட்டத்தின்படி துறைமுகத்தின் கொள்ளளவு ஆண்டுக்கு 24.6 மில்லியன் டன்னிலிருந்து 320 மில்லியன் டன்னாக உயரும். பரப்பு 6,110 ஏக்கர். அதில் சுமார் 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுக்க வேண்டியது. செலவு 53,000 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது. கோரைக்குப்பம், வைரவன்குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம் என்று நீளும் ஊர்களுக்கு இது நடக்குமா நடக்காதா என்பதே வாழ்க்கைக் கேள்வி. ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும் கரை இது. சென்னைத் துறைமுகம் வந்த பிறகு அதற்கு வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பவை இந்த ஊர்களும், ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் மெல்லிய மணல் திட்டும், ஏரியின் முகத்துவாரமும்.

பெரும் பணம் புழங்கும் இடத்துக்கு எல்லாம் தெரிந்திருக்கும், அதன் ஆப்ஷன் விலையில் இந்தத் திட்டத்தின் தலைவிதி எழுதியிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. எழுதியிருக்காது. முதலில் காலம். நம் சந்தையில் தனிப் பங்கு ஆப்ஷன்கள் மூன்று மாதத்துக்கு மேல் இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை அனுமதி, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, பசுமைத் தீர்ப்பாயம் என்று ஆண்டுகளில் நகரும் விஷயத்துக்கு மூன்று மாதக் கருவி எட்டாது. அடுத்து, கலப்பு. அதானி போர்ட்ஸ் என்ற ஒரே பங்குக்குள் குஜராத்தின் முந்த்ராவும், இஸ்ரேலின் ஹைஃபாவும், கொழும்பின் மேற்கு முனையமும், ஏரிக்கு வடக்கே நெல்லூர்க் கரையின் கிருஷ்ணப்பட்டினமும் அடங்கும். காட்டுப்பள்ளியின் செய்தி அதில் கரைந்துவிடும். 2024 நவம்பரில் அதானி குழுமத் தலைவர் மீதான அமெரிக்க வழக்குச் செய்தி வந்த நாளில் இந்தப் பங்கு 13% அளவு விழுந்ததற்கும் இந்தக் கரைக்கும் தொடர்பே இல்லை.

மூன்றாவது காரணம் ஆழமானது. டி லா வேகாவின் பட்டியலிலும் அது இல்லை. ஆப்ஷன் விலை கூட்டிக் கழிப்பது பங்குதாரருக்கு வரும் லாப நட்டத்தை மட்டும். பழவேற்காட்டில் பாடு முறை உண்டு. ஏரியின் எந்த இடத்தில், எந்த நாளில், எந்தக் குடும்பம் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. கோட்டைக்குப்பம் போன்ற ஊர்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் உரிமை அது. எந்தச் சந்தையிலும் விலை பேசப்படாதது. முகத்துவாரம் அடைபட்டு உப்புநீர் வரத்து மாறினால், இறால் வருவது குறைந்தால், அந்த முறையின் மதிப்பு போய்விடும். அந்த நட்டம் நிறுவனத்தின் கணக்கில் ஏறாதவரை பங்கு விலையில் ஏறாது. பங்கு விலையில் ஏறாதது ஆப்ஷன் விலையில் ஏறாது. திட்டம் மலிவாக, தடையில்லாமல் நிறைவேறும் என்ற செய்தி வந்தால் பங்கின் மீதான மனநிலை உயரும்; ஏரியின் மனநிலை என்று ஒன்று எந்தத் திரையிலும் தோன்றாது. 1688-ல் பிரீமியம் கட்டியவர்களும் கப்பலில் வந்த துணியின் கணக்கைத்தான் பார்த்தார்கள். ஏற்றப்பட்ட மனிதர்களின் கணக்கு அந்த விலையில் இழப்பாக எழுதப்படவில்லை.

ஆகவே இந்த ஊர்களுக்காகப் பேசுகிறவர்கள் ‘சந்தையே நம்பிக்கை இழந்துவிட்டது’ என்றோ, நிறுவனத்துக்காகப் பேசுகிறவர்கள் ‘சந்தை நம்புகிறது’ என்றோ பங்கின் ஆப்ஷன் தரவை மேற்கோள் காட்டினால் இரண்டையும் தள்ள வேண்டும். விரிவாக்கம் கரையை என்ன செய்யும் என்பதற்கான சான்று மணல் நகர்வு அளவீடுகளிலும், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையிலும், நடக்க வேண்டிய பொதுக் கருத்துக் கேட்பில் மீனவர்கள் சொல்லப்போகும் சொல்லிலும் இருக்கிறது. மூன்றாவது முறை தேதி குறிக்கப்படுமானால், அறிக்கை முழுவதும் தமிழில் அந்த ஊர்களின் கைக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.